பில்லில் ஒரு வரி: நெல்லை, தென்காசி மடிக்கணினிக் கடைக்காரர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும், அப்பால் அம்பாசமுத்திரம், வள்ளியூர், தென்காசி வரையிலும் மடிக்கணினி விற்பனையும் சர்வீஸும் செய்துவரும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். நான் பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி அறிவியல் கற்பிப்பவன். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்ட பிறகு வைஃபை எடுக்கவில்லை என்று உங்கள் கடைக்கு வரும் பிள்ளைகளில் பலர் அடுத்தபடியாக என்னிடம்தான் வருகிறார்கள் என்பதால், இதைப் பேச எனக்கும் ஓரளவு உரிமை உண்டு என்று நம்புகிறேன். நான் கேட்பது இவ்வளவுதான்: மடிக்கணினியை விற்கும்போது அதிலுள்ள வைஃபை கார்டின் பெயரையும் அடையாள எண்ணையும் பில்லில் ஒரு வரியாக எழுதிக் கொடுங்கள், பழுது என்று யாரேனும் கொண்டுவந்தால், அந்த எண்ணைப் பார்க்கும் முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் செகண்ட் ஹேண்டாகக் கைமாறும் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கருவிகளை முறைப்படி அது ஏற்காது. ஆகவே மாணவர்கள் உபுண்டு, மின்ட், டெபியன் என்று லினக்ஸ் வகைகளுக்குப் போவது இனிக் கூடுமே தவிரக் குறையாது. லினக்ஸ் நமக்குப் புதிதும் அன்று. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்கள்தாம் அதிகம் என்பது வேறு விஷயம்.

"வைஃபை கார்டு போயிட்டு தம்பி, விண்டோஸ் போட்டாத்தான் எடுக்கும்" என்னும் பதிலை எங்கள் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள். கார்டு போயிருந்தால் விண்டோஸிலும் எடுக்காது. விண்டோஸில் எடுக்கும் என்றால் கார்டு போகவில்லை. இரண்டில் ஏதேனும் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பதிலை நம்பி, கடை ஒன்றில் விண்டோஸ் ஏற்றக் கொடுத்த முதுகலை மாணவி ஒருவரின் வட்டு முழுவதும் அழிக்கப்பட்டு, அதிலிருந்த திட்ட அறிக்கையும் சேர்ந்து போயிற்று. அந்தக் கருவியில் கெட்டுப்போன பாகம் எதுவுமே இருக்கவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைப் புதுப்பித்திருந்தால் வைஃபை வந்திருக்கும்.

கார்டின் எண்ணைப் பார்ப்பது பெரிய வித்தையன்று. லினக்ஸில் கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளையை -என்என்கே என்ற சேர்க்கையோடு கொடுத்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கார்டும் தன் பெயரோடும், சதுர அடைப்புக்குறிக்குள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட இரண்டு எண்களோடும் வரிசையாக வந்து நிற்கும். முதல் எண் தயாரிப்பாளரைக் குறிப்பது: 8086 என்றால் இன்டெல், 14இ4 என்றால் பிராட்காம், 10இசி என்றால் ரியல்டெக், 14சி3 என்றால் மீடியாடெக். இரண்டாம் எண் மாடலைக் குறிப்பது. அதற்குக் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருந்தால் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், கார்டைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். அந்த வரி இல்லையென்றால் கார்டு நன்றாக இருந்தும் அதை இயக்க ஆள் இல்லை. பட்டியலில் கார்டே காணப்படாதபோதுதான், அதுவும் கருவியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு, அடிமூடியைத் திருப்புளி கொண்டு திறக்கும் பேச்சு வர வேண்டும்.

டிரைவர் ஏன் இல்லை என்பதற்கு நம் ஊரில் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், கருவி பழையது என்பது. உண்மை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. லினக்ஸில் வைஃபை டிரைவர்கள் தனி சிடியில் வருவதில்லை. அவை கர்னலோடு சேர்ந்தே வருகின்றன. ஆகவே கார்டு சந்தைக்கு வந்த காலத்துக்கு முந்தைய கர்னல் அதை அறியாது. இப்போது விலை குறைந்த புதிய மடிக்கணினிகள் பலவற்றில் இருக்கும் ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇ கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான டிரைவர் 2023 பிப்ரவரியில் வெளிவந்த 6.2 கர்னலில்தான் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் வெளிவந்த டெபியன் 12-இன் கர்னல் 6.1; உபுண்டு 22.04 முதலில் வந்தபோது அதன் கர்னல் 5.15. இந்தக் கர்னல்களோடு இவ்விரண்டில் எதை நிறுவினாலும் அந்தப் புத்தம்புதிய கருவியில் வைஃபை என்பதற்கான அடையாளமே தெரியாது. மாணவர் பதறிப்போய் வாரண்டி கேட்டு உங்களிடம் வருவார். பழைய பதிப்புக்கென்றே தரப்படும் புதிய கர்னலை, அதாவது டெபியனில் பேக்போர்ட்ஸ் கர்னலையோ, உபுண்டுவில் எச்டபிள்யூஇ கர்னலையோ ஏற்றினால் வேறெந்த மருந்தும் தேவைப்படாது. இதற்கு மாறாக, ஐந்தாறு ஆண்டு பழைய இன்டெல் கார்டு பூட்டிய கருவிகளில் இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. இன்டெல் ஏஎக்ஸ்200 கார்டை 2019-இல் வந்த 5.1 கர்னலே அறிந்திருந்தது.

வைஃபை இல்லாமல் புதிய கர்னலை எப்படி இறக்குவது என்று கேட்பீர்கள். கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் செருகி, அதன் அமைப்புகளில் இணையத்தைப் பகிரும் யுஎஸ்பி டெதரிங்கைத் திறந்தால் லினக்ஸ் அதை ஈதர்நெட் என்னும் கம்பிவழி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். வைஃபை டிரைவருக்கும் இதற்கும் தொடர்பில்லை. களக்காட்டிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் இதற்காகவே பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு தகவலைக் கடை வாசலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேர் ஊரிலிருந்தபடியே சரிசெய்துகொண்டிருப்பார்கள்.

அடுத்தது ஃபர்ம்வேர். டிரைவர் கர்னலில் இருந்தாலும், கார்டுக்குள் ஏற்றப்பட வேண்டிய கோப்பு தனியே /லிப்/ஃபர்ம்வேர் என்னும் அடைவில் இருக்க வேண்டும். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டில், ஃபர்ம்வேர் ஏறவில்லை என்று சொல்லி -2 என்ற பிழை எண்ணோடு முடியும் வரி வந்தால், கேட்ட கோப்பு அங்கே இல்லை என்று அர்த்தம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இன்டெல் டிரைவர் தனக்குத் தெரிந்த ஃபர்ம்வேர் பதிப்புகளில் மிக உயர்ந்ததை முதலில் கேட்டு, கிடைக்காவிட்டால் படிப்படியாகக் கீழே இறங்கும் வழக்கமுடையது. ஆகவே -2 என்ற வரி நான்கைந்து முறை வந்த பிறகும் கடைசியில் ஒரு பதிப்பு சரியாக ஏறியிருக்கலாம். முதல் வரியைப் படித்ததும் முடிவு கட்டாமல் கீழ்வரை படிக்க வேண்டும். டெபியனைப் பொறுத்தவரை, கட்டற்றதல்லாத, அதாவது மூலநிரல் திறக்கப்படாத, ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் கோப்பிலேயே சேர்ப்பதென்று 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுத்தார்கள். டெபியன் 12 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உங்கள் பென்டிரைவில் இன்னும் டெபியன் 11 இருக்குமானால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

பழைய கருவிகளில் விதிவிலக்காகத் தலைவலி தருபவை சில பிராட்காம் கார்டுகள், குறிப்பாக பிசிஎம்43142. கர்னலோடு வரும் திறந்த டிரைவர்கள் எவையும் அதை ஏற்பதில்லை. பிராட்காம் நிறுவனமே வெளியிட்ட டபிள்யூஎல் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். அந்த டிரைவரை டிகேஎம்எஸ் என்னும் துணை மென்பொருள் ஒவ்வொரு கர்னலுக்கும் புதிதாகக் கட்டித்தர வேண்டும். கர்னல் ஹெடர் தொகுப்பு இல்லாவிட்டால் கட்ட முடியாது. நேற்றுவரை எடுத்த வைஃபை இன்று அப்டேட்டுக்குப் பின் எடுக்கவில்லை என்னும் புகார் இதனால் வருவது. கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் இன்னொரு சிக்கலும் சேரும். கையொப்பமில்லாத டிரைவரைக் கர்னல் ஏற்காது, சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பிழையைக் காட்டும். உபுண்டு நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் கேட்டு, அடுத்த முறை கருவி எழும்போது நீலத் திரையில், டிரைவருக்குக் கையொப்பமிடும் சாவியைப் பதிவுசெய்யச் சொல்லும். அத்திரை சில நொடிகள்தான் காத்திருக்கும். அதைக் கண்டு வைரஸோ என்று பயந்து கன்டினியூ கொடுத்துவிடுபவர்களே அதிகம். அந்தத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து, முன்பு கொடுத்த கடவுச்சொல்லைத் தட்டினால் வேலை முடிந்தது.

மற்றவை சில்லறைக் காரணங்கள். வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் கட்டளையின் பட்டியலில் 'சாஃப்ட் பிளாக்டு' என்றிருந்தால் ஒரு கட்டளையில் நீங்கும்; 'ஹார்டு பிளாக்டு' என்றிருந்தால் பக்கவாட்டுச் சுவிட்சையோ செயல்விசையையோ பாருங்கள். இரட்டை இயங்குதளக் கருவியில் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தாவிட்டால் கார்டு முழுதாக விடுபடாமல் லினக்ஸில் மக்கர் செய்வதுண்டு. இணைப்பு வந்துவந்து போனால், நெட்வொர்க் மேனேஜரில் வைஃபை மின்சேமிப்பின் மதிப்பு 3 என்றிருப்பதை 2 ஆக்கிப் பாருங்கள்.

கார்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அதிலும் எண்தான் முக்கியம். இன்டெல் ஏஎக்ஸ்201, 9560, 9462 ஆகியவை சிஎன்விஐ வகையைச் சேர்ந்தவை. அவற்றின் வேலையில் ஒரு பகுதி இன்டெல் சிப்செட்டுக்குள்ளேயே நடக்கிறது. எம்.2 செருகுவாயில் அவை அழகாகப் பொருந்தும், திருகும் இறுகும். ஆனால் இன்டெலுக்குப் பதில் ஏஎம்டி செயலி உள்ள மடிக்கணினியில் எந்த இயங்குதளத்திலும் அவை தெரியவே தெரியாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் சிப்செட்டின் துணையின்றித் தானே இயங்கும் சாதாரண பிசிஐஇ வகை என்பதால் அங்கும் ஓடும். பெயரில் ஒரே ஓர் இலக்கம் மாறியதால் நல்ல கார்டு ஒன்றை டப்பாவில் போட்டுவிட்டு வேறொன்று வாங்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம். யுஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள்களை விற்கும்போதும் இதே கவனம் வேண்டும். பெட்டியின்மேல் லினக்ஸ் என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் சின்ன சிடியிலுள்ள டிரைவர் எந்தக் காலத்துக் கர்னலுக்கோ எழுதப்பட்டதாக இருக்கும். சில டாங்கிள்கள் செருகியதும் சிடி டிரைவாகத் தம்மைக் காட்டிக்கொண்டு, மாற்றச் சொன்ன பிறகே வைஃபை கார்டாக மாறுகின்றன. அதை அறியாதவர் பொருள் போலி என்று திருப்பிக் கொடுப்பார்.

உங்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. விண்டோஸ் ஏற்றினால் கூலி உடனே கைக்கு வரும். எண்ணைப் பார்த்து, கர்னலைத் தேடி, பொறுமையாக விளக்கினால் 'சும்மா பார்த்ததற்கா காசு' என்று கேட்கும் வாடிக்கையாளர்களும் நம் ஊரில் குறைவில்லை. என் கருத்தில், பார்த்ததற்கே கூலி வாங்குங்கள். அதைப் பலகையில் எழுதியும் வையுங்கள். காரணத்தைக் கண்டு சொல்வதும் தொழில்தான்.

பில்லில் எழுத வேண்டிய வரி இப்படி இருந்தால் போதும்: 'வைஃபை: இன்டெல் ஏஎக்ஸ்200, 8086:2723'. லினக்ஸ் லைவ் பென்டிரைவ் ஒன்றைச் செருகி எழுப்பினால் வட்டைத் தொடாமலேயே இந்த எண்ணை எடுத்துவிடலாம். விண்டோஸ் இருக்கும் கருவியில் டிவைஸ் மேனேஜரின் ஹார்டுவேர் ஐடி பகுதியிலும் இதே எண்தான் இருக்கும். ஜூன் மாதம் கல்லூரிகள் திறக்கும்போது உங்கள் கடைகளில் கூட்டம் நெருக்கும் என்பதை அறிவேன். அதற்கு முன் அலமாரியில் இருப்பவற்றுக்காவது எண்ணெடுத்து ஒட்டி வைத்துவிட்டால், எங்கள் பிள்ளைகள் எதை வாங்கலாம் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வார்கள். ஏதேனும் ஓர் எண் புரியாவிட்டால், வாங்கும் மாணவரிடமே எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். எந்தக் கர்னல், எந்த ஃபர்ம்வேர் வேண்டும் என்பதைப் பார்த்து அதே சீட்டின் பின்புறம் எழுதி அனுப்புவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கணினி ஆசிரியர்