அந்த இலவ மரம் நம்ம ஊரு மரம் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை நம்ம பெங்களூரு லால்பாக் தோட்டத்துல இருக்கிற அந்த ராட்சச இலவ மரத்தோட போட்டோவை பெருசா போட்டு 'மண்ணின் மரம்'னு எழுதியிருந்தீங்க. போட்டோ சூப்பர், அந்த தலைப்புதான் சார் இடிக்குது. அது தலையணைக்கு பஞ்சு எடுக்கிற வெள்ளை இலவம், அமெரிக்கா கண்டத்துலேருந்து வந்தது. நம்ம ஊரு இலவம் முள்ளிலவு, அது பிப்ரவரி வாக்குல ஒரு இலை இல்லாம மரம் பூரா செக்கச்செவேல்னு பூத்து நிக்கும், கீழ விழுந்த பூவை எடுத்துப் பார்த்தா இதழெல்லாம் தடிதடியா, கை நிறைய கனமா இருக்கும். வெள்ளை இலவத்துப் பூ சின்னது, வெளிறிப்போன கலரு.

பெருசா இருந்தாலே நம்ம மரம்னு நினைச்சுடறோம். தூங்குமூஞ்சி மரமும் அந்தக் கண்டம்தான், குல்மோஹர் மடகாஸ்கர், அட புளியமரமே ஆப்பிரிக்காதான்னு சொன்னதுக்கு எங்க வீட்டம்மா ரசக் கரண்டியோட என்னை முறைச்சாங்க.

நம்ம மரம் பார்க்கணும்னா மைசூர் ரோட்டுல ராமோஹள்ளி பக்கம் 'தொட்ட ஆலத மரம்'னு (கன்னடத்துல பெரிய ஆலமரம்) சொல்ற இடத்துக்குப் போங்க. ஒரே ஆலமரம் சுமார் 3 ஏக்கர், நடுவுல இருந்த தாய் மரம் நோய் வந்து போயிடுச்சு, இப்ப நிக்கறதெல்லாம் விழுதுங்கதான், தெரியாம போறவங்க ஏதோ தோப்புன்னு நினைச்சுப்பாங்க.

இந்தப் பேர் குழப்பம் எனக்கும் வந்ததுதான். அல்சூருக்கு குடி வந்த புதுசுல பக்கத்து வீட்டு கன்னடக்காரம்மா தினம் அரளி மரத்தை சுத்தப் போறேன்னு சொல்வாங்க, அரளின்னா நமக்கு விஷமாச்சே, அதைப் போய் ஏன் சுத்தறாங்கன்னு பயந்துகிட்டு ஒரு நாள் பின்னாடியே போய் பார்த்தா நம்ம அரசமரம்! கன்னடத்துல அரசுக்கு அரளின்னு பேரு. இலை நுனி வால் மாதிரி நீண்டிருக்கும், அது ஒண்ணு போதும் கண்டுபிடிக்க. அந்த மரத்தை நெஞ்சு உயரத்துல சுத்தளவு எடுக்கலாம்னு தையல் டேப் கொண்டு போனேன், அது 5 அடிதான், மூணு தடவை ஒட்டி ஒட்டி வச்சும் பத்தல.

அடுத்த வாட்டி மரத்தோட போட்டோ போட்டா ஓரமா அதோட ஒரு இலையையும் கிட்டத்துல எடுத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர், பெங்களூரு