காரமான எழுத்தும் அதற்கு விலை கொடுத்தவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் வாசகர் பக்கத்தில் சில வாரங்களாக ஒரு விவாதம் ஓடுகிறது. இப்போதைய பத்தி எழுத்துகள் உப்புச் சப்பில்லாமல் இருக்கின்றன, யாரையும் சீண்டாத எழுத்து எதற்கு என்று சிலர் எழுதுகிறார்கள். வாயில் வந்ததைக் கொட்டுவதற்குத் துணிச்சல் என்று பெயரா என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இந்த இரண்டு பக்கமும் நான் நின்றிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

காரமாக எழுதுகிறவரை நமக்கு ஏன் பிடிக்கிறது என்று முதலில் ஒத்துக்கொள்வோம். தாலுகா அலுவலகத்திலும் மின்வாரியத்திலும் கால் கடுக்க நின்று, சொல்ல நினைத்ததை முழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். மறுநாள் காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால், நாம் முழுங்கியதை ஒருவர் பேர் சொல்லி, பளிச்சென்று எழுதியிருக்கிறார். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கிறோம். அந்த நிமிஷம் நமக்கே தைரியம் வந்த மாதிரி இருக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை. 'சம்பந்தப்பட்ட அதிகாரிகள் ஆவன செய்வார்களா?' என்று முடியும் கடிதங்களை நானே நாற்பது வருஷத்தில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஒரு தெருவிளக்குகூட அதனால் எரிந்ததில்லை.

ஆனால் அந்தக் காரத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை இந்த விவாதத்தில் இதுவரை யாரும் எழுப்பவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பாரதியை எடுத்துக்கொள்வோம். 1904 கடைசியில் 'சுதேசமித்திர'னில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே நினைத்ததை எல்லாம் நினைத்த சூட்டோடு எழுத முடியவில்லை. 1906இல் 'இந்தியா' வார இதழ் வந்ததும் கட்டு அவிழ்ந்துவிட்டது. சிவப்புத் தாளில் அச்சடித்தார்கள், ஆங்கிலேய ஆட்சியைக் கேலிச்சித்திரம் போட்டுக் கிழித்தார்கள். தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு வழி போட்டதே அந்த இதழ்தான். 1908 ஜூலையில் திலகருக்கு ஆறு வருஷத் தண்டனை கொடுத்த அரசு அடுத்த மாதமே 'இந்தியா' பக்கம் திரும்பியது. போலீஸ் பிடித்துக்கொண்டு போனது யாரை? மு. சீனிவாசன் என்பவரை. பதிவேட்டில் ஆசிரியர் என்று இருந்தது அவர் பெயர். ஐந்து வருஷம் சிறை கிடைத்தது அவருக்கு. நண்பர்கள் வற்புறுத்தியதால் பாரதி பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போனார், பத்து வருஷம் அங்கேயே கிடந்தார். 'இந்தியா'வும் அங்கிருந்து கொஞ்ச காலம் வந்தது, பிரிட்டிஷ் எல்லைக்குள் அதைத் தடை செய்ததால் 1910இல் நின்றுபோனது.

பாரதியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் அன்று உள்ளே போயிருந்தால் புதுச்சேரியில் அவர் எழுதியது எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது. ஆனாலும் மு. சீனிவாசன் என்ற பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தச் சிவப்புத் தாளின் ஒவ்வொரு வரிக்கும் அவர் தன் நாட்களைக் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பாடத்தில் ஒரு வரியாவது அவருக்கு இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அடக்கி வாசித்தால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாரதிக்குப் போதாது என்று தோன்றிய 'சுதேசமித்திர'னின் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயரும் அதே 1908இல், உடம்பு முடியாத நிலையில் கைது செய்யப்பட்டார். அதனால் பயந்து எழுதச் சொல்ல நான் வரவில்லை.

பெரியார் விஷயம் வேறு மாதிரி. 1925இல் ஈரோட்டில் தொடங்கிய 'குடி அரசு' யாரையும் சீண்டாமல் ஒரு வாரம் வந்திருக்குமா என்பதே சந்தேகம். 1933 அக்டோபர் 29 இதழில் 'இன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழிய வேண்டும்?' என்று தலையங்கம். தலைப்பே வழக்குப் போடச் சொல்கிறது. வழக்கு வந்தது. ஆசிரியர் பெரியார், இதழை வெளியிட்டவர் அவருடைய தங்கை கண்ணம்மாள், இரண்டு பேருமே சிறைக்குப் போனார்கள். எழுதியவர் யாருக்கும் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை, ஆனால் அவர் பக்கத்தில் இன்னொருவரும் சேர்ந்து போக வேண்டியிருந்தது. பேனா பிடிக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியத்தோடு அச்சகத்துக்காரர், வெளியிடுபவர், வீட்டில் இருப்பவர் எல்லோரும் கட்டப்பட்டிருக்கிறார்கள்.

மேலே சொன்ன இருவரும் மோதியது தங்களைவிடப் பல மடங்கு பெரிய ஒரு அரசாங்கத்தோடு. அதே சூடு, அதே பட்டப்பெயர் வைக்கும் சாமர்த்தியம், அதே 'அடுத்த வாரம் என்ன எழுதப் போகிறாரோ' என்ற எதிர்பார்ப்பு, இவை எல்லாம் மனிதர்கள் மேல் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் ஒரு கதை இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். லட்சுமிகாந்தன் என்பவர் சென்னையில் 'சினிமா தூது' என்று ஒரு இதழ் நடத்தினார். சினிமாக்காரர்கள், பெரிய மனிதர்கள் இவர்களுடைய சொந்த வாழ்க்கைதான் அதில் சரக்கு. விற்பனை அமோகம். எழுதாமல் இருக்கப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. நடிகர்கள் கவர்னரிடம் போய் முறையிட்டு, உரிமம் ரத்தானது. அப்புறமும் அவர் ஓயவில்லை, 'இந்துநேசன்' என்ற பெயரில் அதையே தொடர்ந்தார். இங்கே நான் வாசகர்களைத்தான் கேட்கிறேன். அதை வாங்கிப் படித்தது யார்? நம் தாத்தாக்கள்தானே. ஒரு வாரம் ஒருவரைப் பற்றி அரைகுறையாக ஒன்று வந்தால், மறுவாரம் அதைவிடக் கூடுதலாக வேண்டும் என்று கடைக்குப் போய் நின்றதும் அவர்கள்தான். காரமாக எழுதுகிறவரை ஒரு கட்டத்துக்கு மேல் வாசகர்தான் ஓட்டுகிறார். போன வாரத்தைவிடக் குறைந்தால் 'ஆள் மாறிட்டார்' என்பார்கள், அந்தப் பேச்சைப் பற்றிய பயமே கையில் ஆதாரம் இல்லாததையும் எழுத வைத்துவிடும்.

1944 நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் இறந்துபோனார். ஒரு மனிதரைக் கொல்வதற்கு எந்த எழுத்தும் நியாயம் ஆகாது, அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. அந்த வழக்கில் சினிமா நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மேல்முறையீடு மறுபடி விசாரிக்கப்பட்டு, 1947இல்தான் விடுதலை கிடைத்தது. கலைவாணர் மீண்டு வந்து நடித்தார். பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை. யார் குத்தச் சொன்னார்கள் என்பதும் கடைசிவரை நிரூபணமாகவில்லை. எழுதியவர் உயிர் போனது, எழுதப்பட்டவர்கள் வாழ்க்கை கெட்டது, படித்தவர்கள் மட்டும் ஒன்றும் ஆகாமல் அடுத்த இதழுக்குப் போய்விட்டார்கள்.

என் கதைக்கு வருகிறேன். 1980களின் பின்பாதியில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து எங்கள் ஊரில் ஒரு மாத இதழ் நடத்தினோம். முந்நூறு பிரதிதான். ஊர் விஷயங்களை எழுதும் பக்கம் என் பொறுப்பு. ஒரு தீபாவளிக்கு முன்னால் ரேஷன் கடையில் சர்க்கரை பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது. மீதியை விற்பனையாளர் வெளியில் தள்ளிவிட்டார் என்று கடைவாசலில் பேசிக்கொண்டார்கள். நான் போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'இவர் கைபட்டால் சர்க்கரையும் கசக்கும்' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுதினேன். அந்த முந்நூறு பிரதியும் இரண்டே நாளில் தீர்ந்தது. போகிற இடமெல்லாம் அந்தத் தலைப்பைச் சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, கால் தரையில் படவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த மனிதர் கையில் பதிவேட்டோடு என் வீட்டுக்கு வந்தார். கிடங்கிலிருந்து வந்ததே பாதி மூட்டைதான், தேதியும் கையெழுத்துமாக எல்லாம் அதில் இருந்தது. சண்டை போடவில்லை. "தம்பி, எழுதறதுக்கு முந்தி ஒரு நடை வந்து கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். அவருடைய பெண் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளைக் 'கசப்புச் சர்க்கரை' என்று கூப்பிடுகிறார்கள், அவள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள் என்று எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்.

அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில், சந்தா விவரத்துக்குக் கீழே, நான்கு வரியில் வருத்தம் தெரிவித்தோம். அதைப் படித்ததாக இன்றுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அந்தத் தலைப்பை மட்டும் பத்து வருஷம் கழித்தும் ஒருவர் எனக்கே ஒப்பித்துக் காட்டினார். அந்த ரேஷன் கடைக்காரரின் குடும்பம் வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது இருக்கும். அவள் இதைப் படிக்க நேர்ந்தால் என் மன்னிப்பை ஏற்றுக்கொள்ளட்டும்.

இதெல்லாம் நடந்தும் சீண்டுகிற எழுத்து வேண்டாம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அந்தச் சர்க்கரை ஏன் கிடங்கிலிருந்தே பாதியாக வந்தது என்று அன்றே கேட்டிருந்தால், இதைவிடக் காரமாகவே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் வந்து மிரட்டியிருப்பார்கள். ரேஷன் கடைக்காரரால் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று உள்ளுக்குள் தெரிந்ததால்தான் என் பேனா அவ்வளவு வேகமாக ஓடியது. இன்று யாரையாவது கிழித்து எழுதிய பத்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது, இவர் எழுதியது அவரிடம் கேட்டபிறகா, கேட்காமலா என்பதுதான்.

தங்களிடம் இரண்டு விஷயங்கள் கேட்கிறேன். பெயர் குறிப்பிட்டு ஒருவரைத் தாக்கும் பத்தி வந்தால், அவரிடம் விளக்கம் கேட்டோம், இன்னது சொன்னார், அல்லது சொல்ல மறுத்தார் என்று அந்தப் பத்தியிலேயே ஒரு வரி இருக்கட்டும். இரண்டாவது, எழுதியது தவறு என்று தெரிந்தால் திருத்தத்தை, தவறு வந்த அதே பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். முதல் பக்கத்தில் முழு அகலத்துக்கும் போட்டுச் சொன்னதற்கு ஒன்பதாம் பக்கத்து மூலையில் மூன்று வரி போடும் வழக்கம் எல்லாப் பத்திரிகைகளிலும் இருக்கிறது. அதை முதலில் விடுகிற பத்திரிகையாகத் தங்களுடையது இருந்தால், முப்பத்தைந்து வருஷமாகச் சந்தா கட்டி வரும் எனக்குப் பெரிய சந்தோஷம்.

தங்கள் வாசகர்,
மன்னார்குடி