பத்தியைப் பிரித்துப் படிக்கக் கற்றுத் தந்தவர்களுக்கு

வணக்கம். ஐ.ஐ.எம். என்னும் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களின் சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வில் ஆங்கிலப் பகுதியில் எனக்கு நல்ல மதிப்பெண் வந்திருக்கிறது. தமிழ்வழியில் பள்ளி முடித்தவனுக்கு இது பெரிய விஷயம். துணை நின்றவர்களுக்கு எல்லோரும் அறிய நன்றி சொல்லியாக வேண்டும்.

முதல் நன்றி, கல்லூரியில் ஆங்கிலம் எடுத்த மேடத்துக்கு. தேர்வின் அந்த ஆங்கிலப் பகுதியில் 40 நிமிடத்தில் 24 கேள்விகள். பெரும்பாலானவை நீண்ட கட்டுரைகளைப் படித்து விடை சொல்பவை. "அர்த்தம் அப்புறம் பார்த்துக்கலாம்ப்பா, இந்த வாக்கியம் இங்க என்ன வேலை பார்க்குதுன்னு முதல்ல சொல்லு" என்பார். கருத்தா, சான்றா, மறுப்பா என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் பென்சிலால் ஒரே சொல் எழுத வைத்தார். கட்டுரை எந்த இடத்தில் திரும்புகிறது என்பது அந்த ஓரக் குறிப்புகளிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து என் அறை நண்பனுக்கு. கலைத்துப் போட்ட நான்கு வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்விக்குத் தேர்ந்தெடுக்க விடைகளே தரமாட்டார்கள். வரிசையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். தப்பானால் மதிப்பெண் குறையாது, ஆனால் பாதி வரிசை சரியாக இருந்தாலும் பயனில்லை. அதற்காக அவன் நாளிதழ்த் தலையங்கங்களைத் துண்டு துண்டாக வெட்டிக் குலுக்கிப் போடுவான். ஒரு துண்டில், வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் என்று இருக்கும். இன்னொன்றில், 'அந்த மூன்று மாதங்கள்' பொய்த்தால் ஏரிகள் நிரம்பாது என்று இருக்கும். எந்த மூன்று மாதங்கள் என்று கேட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒரு ஜோடியை உறுதி செய்துவிட்டால், மற்ற இரண்டுக்கும் முன்னால் இடமா பின்னால் இடமா என்பதுதான் மிச்சம். தன் வேலைத் தேடலுக்கு நடுவே இரவெல்லாம் உட்கார்ந்து வெட்டித் தந்தாயே, மறக்க மாட்டேன்டா.

மதுரை புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் ஊழியர்களுக்கும் நன்றி. கேட்ட பழைய இதழ்களையெல்லாம் முகம் சுளிக்காமல் தேடிக் கொடுத்தீர்கள். 2023-இல் அந்த நூலகம் திறக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு வாசிப்புக்கு நான் எங்கே போயிருப்பேன் என்று தெரியவில்லை. அப்புறம் அப்பா, அம்மா. என்ன தேர்வு என்று முழுதாகப் புரியாதபோதும், 'படிடா' என்று விட்டுவிட்டீர்கள்.

வெட்டிய துண்டுகள் விடைகளோடு உறைகளில் பத்திரமாக இருக்கின்றன. இந்த வருடம் எழுதப்போகிற தம்பி தங்கைகள் யார் கேட்டாலும் தருகிறேன்.

நன்றியுடன்,
மதுரையிலிருந்து உங்கள் மாணவன்