பன்னிரண்டும் ஒரிஜினல்தான்: ஓவியக் கண்காட்சி நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஓவியக் கண்காட்சியும் போட்டியும் நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் விண்ணப்பப் படிவங்களில் பெரும்பாலும் ஒரு விதி இருக்கிறது: அசல் ஓவியங்கள் மட்டுமே ஏற்கப்படும், நகல்கள், பிரிண்டுகள் நிராகரிக்கப்படும். இந்த விதி எதற்காக என்பது புரிகிறது. இணையத்தில் கிடைத்த படத்தைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, சட்டம் போட்டு, கீழே தன் பெயரை எழுதிக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் லினோ என்கிற ரப்பர்போன்ற விரிப்பைச் செதுக்கியும், உலோகத் தகட்டை ஆசிட்டில் அரித்தும் (இதுதான் எட்சிங்) கையால் அச்சோவியம் எடுக்கிற எங்களையும் அந்த ஒரே வரி சேர்த்து வெளியே தள்ளிவிடுகிறது.

நான் கும்பகோணம் பக்கம் இலஸ்ட்ரேஷன் படிக்கும் மாணவி. கதைக்கும் குழந்தைகள் புத்தகத்துக்கும் படம் போடுவதுதான் நாளைக்கு என் பிழைப்பு. அந்தத் தொழிலுக்கு அச்சு அந்நியம் அல்ல. ஒரு காலத்தில் பத்திரிகை ஓவியர் வரைந்த கோட்டுச் சித்திரம் துத்தநாக பிளாக்காக மாறித்தான் வாசகர் கைக்குப் போனது. எது அச்சில் நிற்கும், எது அப்பிக்கொள்ளும் என்று தெரிந்து வரைந்தவர்கள் அவர்கள். லினோவும் எட்சிங்கும் பழகினால் அந்தக் கண் நமக்கும் வரும் என்று நம்பி இதில் இறங்கியவர்கள் எங்கள் வகுப்பில் சிலர் இருக்கிறோம்.

சென்ற ஆண்டு ஒரு கண்காட்சியில், படங்களைப் பதிவு செய்யும் மேசையில் நடந்த பேச்சு இது. எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். வேறு எங்கே கொண்டுபோயிருந்தாலும் ஏறக்குறைய இதேதான் நடந்திருக்கும்.

"என்னம்மா, கீழ 4/12னு போட்டிருக்க?"

"பன்னெண்டு பிரிண்ட் எடுத்தேன் சார். அதுல இது நாலாவது."

"அப்ப ஒரிஜினல் எங்க?"

"இதுதான் சார்."

"மத்த பதினொண்ணு?"

"அதுவும்தான் சார்."

அவர் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். படம் உள்ளே போகவில்லை. வரிசையில் பின்னால் நின்ற அக்கா ஒருவர், "கட்டையவே கொண்டு வந்து மாட்டிடேன், அதுதானே ஒரிஜினல்" என்று யோசனை சொன்னார். கட்டை என்பது நாங்கள் செதுக்கி மை தடவி அச்செடுக்கிற லினோ. அதில் படம் இடம் வலம் மாறி, மை அப்பி, பாதி இடம் பள்ளமாகக் கிடக்கும். சுவரில் மாட்டுவதற்கென்று யாரும் அதைச் செதுக்குவதில்லை.

ஒரு லினோ பிரிண்ட் எப்படி உருவாகிறது என்று இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் படம், கஜா புயலில் சாய்ந்த ஒரு தென்னந்தோப்பு. (2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணிக்காரர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை.) நான்கு நிறம், ஒரே கட்டை. முதலில் வெள்ளையாக நிற்கவேண்டிய வானத்தை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டு, வெளிர் மஞ்சளை ரோலரில் உருட்டி எல்லாத் தாளிலும் அடிக்க வேண்டும். அப்புறம் மஞ்சளாகவே நிற்கவேண்டிய இடங்களைச் செதுக்கித் தள்ளிவிட்டு அதே கட்டையில் பச்சை. பச்சையாக நிற்கவேண்டியதைச் செதுக்கிவிட்டுப் பழுப்பு. கடைசியில் கட்டையில் மிஞ்சியிருப்பது மட்டைகளின் நிழலும் பெயர்ந்த வேர்களின் கோடுகளும்தான். அதில் கறுப்பு.

ஒவ்வொரு நிறத்துக்கும் தாள் அதே இடத்தில் உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் மரத்தை ஒட்டி இன்னொரு மரம் தெரியும், தாள் வீண். அதனால் தேவைக்கு மேலேயே தாள் எடுத்துக்கொண்டுதான் ஆரம்பிப்போம். வழியில் கழிந்தது போகத் தேறியவற்றுக்குத்தான் எண் போடுவது. கறுப்பு அடித்து முடிக்கும்போது மஞ்சள் அடித்த பரப்பு கட்டையில் இருக்காது; செதுக்கி, பெருக்கி, குப்பையில் போட்டாகிவிட்டது. நானே ஆசைப்பட்டாலும் பதின்மூன்றாவது ஒன்று எடுக்க வழியில்லை. கேன்வாஸில் வரைபவர் நினைத்தால் தன் படத்தைப் பார்த்து இன்னொன்று வரைந்துவிடலாம்!

எல்லா அச்சிலும் கட்டை இப்படி அழிந்துபோவதில்லை, உண்மைதான். எட்சிங் தகட்டிலிருந்து இன்னும் எடுத்துக்கொண்டே போகலாம். அங்கேதான் எண் வேலை செய்கிறது. 1960ல் வியன்னாவில் கூடிய சர்வதேசக் கலைஞர்கள் மாநாடு இதற்கு ஒரு வரையறை கொடுத்தது: கட்டையையோ தகட்டையோ கல்லையோ கலைஞர்தான் உருவாக்கியிருக்க வேண்டும்; எத்தனை பிரிண்ட் என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும்; ஒவ்வொன்றிலும் எண்ணும் கையெழுத்தும் இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை முடிந்ததும் தகட்டில் குறுக்கே கோடு கீறிவிடுவது வழக்கம். அதற்குமேல் யாரும் அதில் எடுக்க முடியாது. இடது ஓரம் எண், நடுவில் தலைப்பு, வலது ஓரம் கையெழுத்து, எல்லாம் பென்சிலில். உங்கள் மேசையில் இருந்தவர் சந்தேகப்பட்ட அந்த 4/12 உண்மையில் ஒரு வாக்குறுதி. ஏமாற்ற நினைப்பவர் அதை எழுதாமல் விட்டிருப்பார்.

டில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் தேசியக் கலைக் கண்காட்சியில் கிராபிக்ஸுக்கு, அதாவது அச்சோவியத்துக்கு, தனி இடம் உண்டு. சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள அதன் மண்டல மையத்தில் அச்செடுப்பதற்கென்றே ஸ்டுடியோ இருக்கிறது. தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் அச்சோவியத்தால்தான் நாடறிந்த கலைஞரானார். டில்லியில் உள்ளே போகிற படம் நம் மாவட்டத் தலைநகரில் வாசலோடு நின்றுவிடுவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அதுவும் எந்த மண்ணில்? ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706ல் வந்து இறங்கிய தரங்கம்பாடியில் 1715ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி 1805 வாக்கில் அச்சகம் வைத்தார். கொள்ளிடத்துக்கு அக்கரையில், மராட்டிய அரச குடும்பத்துக்காக நெய்த கொடாலிக் கருப்பூர்ச் சேலையில் ஜரிகை நெசவும் கைவரைவும் கட்டை அச்சும் சேர்ந்தே இருந்தன. கோயிலில் தொங்கவிடும் உருளைத் தோரணமான தொம்பைக்கும் விதானத்துக்கும் துணி செய்யும் கருப்பூர் கலம்காரிக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் ஓவியத்துக்குத் தனிப் பிரிவு வைக்கிறீர்கள், சந்தோஷம். அச்சுக்கும் ஒன்று வைக்க இந்த ஊரில் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

சரி, ஜெராக்ஸையும் அச்சோவியத்தையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு பூதக்கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் போதும். ஆப்செட்டிலோ கலர் ஜெராக்ஸிலோ வந்த படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நிறம் பெரும்பாலும் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடையும். எட்சிங் பிரிண்டுக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருப்பதும், கோடுகளில் மை மேலெழும்பி நிற்பதும் தெரியும். நனைத்த தாளைத் தகட்டின்மேல் வைத்து, கம்பளம் போர்த்தி, பிரஸ்ஸில் ஓட்டுவதால் வருகிற அடையாளம் அது. (பிரஸ் பார்த்திராதவர்கள் கரும்புச்சாறு மெஷினை நினைத்துக்கொள்ளலாம், அதே உருளைகள், அதே சுற்றுச் சக்கரம்.) லினோவிலும் மரக்கட்டையிலும் அழுத்தம் பல நேரம் தாளின் பின்பக்கம் தெரியும். ஸ்கிரீன் பிரிண்டுக்கு இது உதவாது. கல்யாணப் பத்திரிகையும் மஞ்சப்பையும் அடிக்கிற அதே முறைதான், அழுத்தத் தடம் இருக்காது. சந்தேகம் என்றால் வேலை நடுவில் எடுத்த சோதனைப் பிரிண்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். கையால் செய்தவரிடம் அது கட்டாயம் ஒரு கட்டு கிடக்கும்.

தன் கேன்வாஸ் ஓவியத்தைப் போட்டோ எடுத்து, இங்க்ஜெட்டில் அடித்து, அதற்கும் 1/50 என்று எண் போடுபவர்கள் உண்டு. அதை எங்கள் பிரிவில் சேர்க்க வேண்டாம். என் தோழிகள் சிலர் இதில் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். அவர்கள் தனி மடல் எழுதட்டும்.

அடுத்தது, அழைப்பு அனுப்பும் நேரம். பொங்கலை ஒட்டிக் கண்காட்சி, அழைப்பு வருவது கார்த்திகையில். எங்கள் மை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. வடகிழக்குப் பருவமழையில், சுவரே வியர்க்கிற வீட்டில், ஒரு நிறம் காய வாரம்கூட ஆகும். காயாமல் அடுத்த நிறத்தை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து சேறாகிவிடும். தாழ்வாரத்தில் அம்மா துவைத்த துணி ஒரு கொடியில், என் தென்னந்தோப்பு இன்னொரு கொடியில், கரண்ட் போனால் இரண்டுக்கும் காற்று இல்லை. ஆவணியிலேயே தேதியையும் தாள் அளவு வரம்பையும் சொல்லிவிட்டால் மழைக்கு முன் முடித்து, காயவைத்து, அடுக்கிவிடலாம்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடிச் சட்டம் கட்டாயம் என்று கேட்கிறீர்கள். என் பிரிண்டின் விலையைவிடச் சட்டத்தின் கூலி அதிகம். அதுகூடப் பரவாயில்லை; கண்ணாடி தாளின்மேல் நேராகப் படிந்தால் நம் ஊர் ஈரத்தில் மை ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் போர்டு இருந்தால்தான் இடைவெளி கிடைக்கும். மவுண்ட் போட்டு, கண்ணாடி இல்லாமல், கிளிப்பில் தொங்கவிட அனுமதி கொடுங்கள். தயவுசெய்து செல்லோ டேப் வேண்டாம். அதன் கறை போகவே போகாது.

விலை விஷயத்தில்தான் உங்களுக்கும் லாபம் இருக்கிறது. நல்ல கேன்வாஸ் ஒன்று பல ஆயிரம் ரூபாய். கண்காட்சிக்கு வரும் பள்ளி ஆசிரியரோ நர்ஸோ அதைப் பார்த்து ரசித்துவிட்டுப் போவார். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பிரிண்ட் என்றால் யோசிப்பார், சில நேரம் வாங்குவார். 1894ல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகம் இந்தக் கணக்கில்தான் படங்களை வீடுவீடாகக் கொண்டுபோனது. அவை எண்ணிக்கை வரம்பில்லாத கல்லச்சு, எங்களுடையது பத்துப் பன்னிரண்டு. ஆனால் உங்கள் ஆட்கள் ஒன்று விற்றதும் சிவப்புப் பொட்டு ஒட்டிவிட்டு, அடுத்துக் கேட்பவரிடம் "வித்துப் போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். எங்கள் தோழி ஒருத்தியின் எட்சிங்குக்கு அப்படித்தான் நடந்தது, மீதிப் பிரிண்டுகள் மேசைக்கு அடியில் போல்டரில் இருக்கும்போதே. ஒரே படத்துக்குக் கீழே ஐந்து பொட்டு ஒட்டலாம். அதைப் பார்த்தே ஆறாவது ஆள் வருவார்.

படிவத்தில் மாற்றவேண்டியது அதிகமில்லை. நிராகரிக்கும் விதியில் 'பிரிண்டுகள்' என்று இருக்கும் இடத்தில் 'இயந்திர அச்சு நகல்கள்' என்று போடுங்கள். அச்சோவியத்துக்கு ஒரு பிரிவு திறந்து, என்ன முறை, மொத்தம் எத்தனை, இது எத்தனையாவது, எந்த ஆண்டு எடுத்தது, கட்டை அழிக்கப்பட்டதா என்று கேளுங்கள். நடுவர்களில் ஒருவராவது அச்செடுத்துப் பழகியவராக இருந்தால் நல்லது. வரும் பொங்கலுக்கான படிவம் அச்சுக்குப் போகும் முன் எங்கள் கல்லூரிக்கு ஒரு வரைவு அனுப்பினால் பார்த்துத் திருத்தித் தருகிறோம், காசு வேண்டாம்.

இன்னொன்று. கண்காட்சி நடக்கும் நாட்களில் ஒரு மூலை ஒதுக்கினால், சின்ன பிரஸ் ஒன்றைக் கொண்டுவந்து பார்வையாளர்களையே அச்செடுக்க விடுகிறோம். தாளும் மையும் எங்களுடையது. மேசையை மட்டும் நல்ல கனமானதாகப் பார்த்துப் போடுங்கள். பந்தல்காரரின் மடக்கு மேசை பிரஸ்ஸைத் தாங்காது.

இப்படிக்கு,
அச்சோவியம் பழகும் இறுதியாண்டு மாணவி ஒருத்தி,
கும்பகோணம் வட்டாரம்