ஹாம்பர்க்கிலிருந்து அக்காவுக்கு: கடின ரப்பரும் என் பிழைப்பும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இசைக்கருவி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்பவனுக்குக் கை ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது என்று கேட்டிருந்தாய். படத்தில் நீ பார்த்தது கிரீஸ் அல்ல, எபோனைட் என்கிற கடின ரப்பரின் தூள். வகுப்பில் கம்பளியில் தேய்த்துக் காட்டுகிறாயே ஒரு கறுப்புத் தண்டு, அதே சரக்குதான். நம்மில் பலருக்கு அது பாடப்புத்தகத்தில் வந்து தேர்வோடு போய்விட்ட பொருள். இங்கே எனக்குச் சோறு போடுவதே அதுதான்.

பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் கிளாரினெட்டும் சாக்ஸபோனும். உதட்டில் வைத்து ஊதும் முனையை மவுத்பீஸ் என்கிறோம். நல்ல மவுத்பீஸ்களை இன்றும் எபோனைட்டில்தான் கடைந்தெடுக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் வார்த்தது மலிவு. பழகுகிறவர்கள் அதில் தொடங்கி, கை தேறியதும் இதற்கு மாறிவிடுகிறார்கள். பொருள் மாறினால் நாதம் மாறுமா என்று கேட்டால் பட்டறையில் சண்டையே மூண்டுவிடும். உள்ளே குடைந்திருக்கும் வடிவமும், ஊதும்போது அதிரும் ரீடு என்ற மெல்லிய நாணல் பட்டை படியும் வளைவும்தான் நாதத்தைத் தீர்மானிக்கின்றன என்பது என் கட்சி. எபோனைட்டின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது: அது கைக்கு இணங்கும்.

கிளாரினெட்டில் ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் நடுவே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் இடைவெளி. அதில் நூறில் சில பங்கு கூடினாலும் குறைந்தாலும் ஊதுகிறவருக்குத் தெரிந்துவிடும். கண்ணாடித் தட்டின் மேல் நைஸான உப்புத்தாளை விரித்து, மவுத்பீஸைச் சமமாகப் படியவைத்து இரண்டு இழுப்பு இழுப்பேன். தூளைத் துடைத்துவிட்டு அளவுக்கோடு போட்ட கண்ணாடியில் வைத்து, மெல்லிய உலோகத் தகட்டை இடுக்கில் நுழைத்து, எந்தக் கோடு வரை போகிறது என்று பார்ப்பேன். பிறகு மீண்டும் ஓர் இழுப்பு. சூடேறினால் பிளாஸ்டிக் இளகித் தாளில் அப்பிக்கொள்ளும். எபோனைட் அப்படியில்லை, பொடிப்பொடியாக உதிர்ந்து சுத்தமான விளிம்பை விட்டுச் செல்லும். கூடவே கந்தக நாற்றம் கிளம்பும். மாலையில் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருபவர்கள் பாவம்.

அந்த நாற்றத்துக்குக் காரணம் சொன்னால் உனக்குப் பிடிக்கும். வண்டி டயர் போன்ற மெத்து ரப்பரில் கந்தகம் சில பங்குதான் சேர்ப்பார்கள். எபோனைட்டிலோ 100 பங்கு ரப்பருக்கு 30 பங்குக்கு மேல் கந்தகம் சேர்த்து, மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை இத்தனை கந்தகமும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிப்போட்டுவிடுவதால், இழுத்தால் நீள்வதற்கு அவற்றுக்கு இடமே இருக்காது. ஒருமுறை இறுகியதைத் திரும்ப உருக்கி வார்க்கவும் முடியாது. அறுக்கலாம், கடையலாம், துளையிடலாம், மெருகேற்றலாம். வெந்நீரில் கொஞ்சம் இளக்கி வளைக்கலாம், அவ்வளவுதான். புகைக்குழாய்களின் வாய்த்தண்டை வளைப்பது இந்த வழியில்தான்.

நான் வந்து சேர்ந்த ஊரும் இந்தப் பொருளுக்குப் பழக்கப்பட்ட ஊர். இங்கே பார்ம்பெக் என்ற பகுதியில் 1871-இல் தொடங்கிய பெரிய கடின ரப்பர் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் செங்கல் கட்டடங்கள் இப்போது உழைப்பு அருங்காட்சியகமாக இருக்கின்றன. தொழிற்சாலை இடம் மாறிவிட்டாலும் அதன் சீப்புக்கு மவுசு குறையவில்லை. நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வார்த்தெடுத்த பிளாஸ்டிக் சீப்பில் பல்லுக்குப் பல் ஒரு மெல்லிய விளிம்பு நிற்கும். விரலை ஓட்டிப் பார், தெரியும். அதுதான் தலையைப் பிறாண்டுவது. இந்தச் சீப்பின் பற்களை ஒவ்வொன்றாக அறுத்து, இடுக்கெல்லாம் மெருகு போட்டிருப்பதால் அந்த விளிம்பே இல்லை. ஆனால் விளம்பரத்தில் "முடியில் மின்னூட்டம் ஏறாது" என்று ஒரு போடு போடுகிறார்கள். இந்த ஊர்க் குளிர்காலத்தில், ஹீட்டர் ஓடும் வறண்ட அறையில் நின்று தலை வாரும்போதெல்லாம் உன் நினைவுதான் வருகிறது. மின்னூட்டம் ஏற்றிக் காட்டுவதற்கென்றே இயற்பியல் ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த பொருளைப் பற்றியா இப்படிச் சொல்கிறார்கள்!

பல் செட்டுக்கும் இதுதான் ஆதாரமாக இருந்தது தெரியுமா? 1851-இல் நெல்சன் குட்இயர் என்ற அமெரிக்கர் கடின ரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பின் ஈறின் அச்சுக்கு ஏற்ப, இறுகும் முன்பே இதை வார்த்து, இளஞ்சிவப்பு நிறம் கூட்டி, பல் பதித்து விற்றார்கள். தங்கத்தில் செய்த பல் செட் வாங்க வசதியில்லாதவர்களுக்கு அது பெரிய வரம். பல் மருத்துவர்களிடம் உரிமக் கட்டணம் கேட்டு வழக்குமேல் வழக்குப் போட்ட குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனை, 1879-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பல் மருத்துவரே சுட்டுக் கொன்றுவிட்டார். கட்டுப்பல்லுக்காக ஒரு கொலை! அக்ரிலிக் வந்த பிறகுதான் வாய்க்குள்ளிருந்து ரப்பர் வெளியேறியது.

அத்தானிடமும் சொல். பழைய லாரி பேட்டரிகளின் கனத்த கறுப்புப் பெட்டி கடின ரப்பர்தான். அமிலம் அதை அரிக்காது, மின்சாரமும் கடக்காது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைக்கும் இரும்புத் தொட்டிகளுக்கு உட்புறம் இன்றும் இதைப் பூசுகிறார்கள். ஊற்றுப்பேனாவில் நிப்புக்கு அடியில் சீப்புப் பல் போல வரி வெட்டிய கறுப்புத் துண்டு இருக்குமே, நல்ல பேனாக்கள் சிலவற்றில் அதுவும் எபோனைட்தான். பிளாஸ்டிக்கில் மை முத்து முத்தாகத் திரளும். இதில் படர்ந்து ஒட்டிக்கொள்வதால் எழுத்து விட்டுவிட்டு வராது.

இத்தனை கெட்டிக்காரப் பொருளுக்கு வெயில் ஆகாது. வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் மேற்பரப்பில் உள்ள கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து, கறுப்பு வெளுத்துப் பச்சையும் பழுப்புமாகிவிடும். நாக்கில் பட்டால் கசப்பு. போன வாரம் ஒரு பெரியவர் தம் மவுத்பீஸைக் கிருமி போகட்டும் என்று கொதிநீரில் போட்டு எடுத்து வந்திருந்தார். கறுப்பாகப் போனது பாசி நிறத்தில் கோணிக்கொண்டு வந்தது. நிறத்தை உரசி மீட்டுவிட்டேன், கோணலுக்கு வழியில்லை.

உன் ஆய்வகத் தண்டு இப்போதெல்லாம் காகிதத் துணுக்கை இழுக்கவில்லை, கம்பளி சரியில்லை போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். கம்பளியைக் குறை சொல்லாதே. அந்தத் தண்டு ஜன்னலோரத்தில்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன். வெளுத்த மேற்பரப்பில் இம்மியளவு கந்தக அமிலம் ஊறியிருக்கும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் நீ ஏற்றுகிற மின்னூட்டமெல்லாம் கை வழியே கசிந்துபோகும். தண்டைக் குளிர்ந்த நீரில் நன்றாகக் கழுவித் துடை. மிக நைஸான உப்புத்தாளை நனைத்து, பழுப்பு போய்க் கறுப்பு தெரியும் வரை தேய். மீண்டும் கழுவி நிழலில் உலர்த்து. எண்ணெய் மட்டும் தடவிவிடாதே. பிறகு மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிடு. இழுக்கிறதா என்று பார்த்து எழுது. அப்படியும் சரிப்படாவிட்டால் பட்டறையில் மிஞ்சும் துண்டில் ஒரு முழத் தண்டு கடைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தம்பி