ஆகஸ்டில் முடியும் ஆண்டு

எடிசன், நியூ ஜெர்சி
24 நவம்பர் 2024

அன்புள்ள மணி,

உன் கடிதமும் பேத்திக்குக் காது குத்திய படமும் வந்தன. மூக்கு அப்படியே உன் அம்மா. முழங்காலை டாக்டரிடம் காட்டினாயா, இல்லை வழக்கம்போலத் தைலம்தானா?

போன வருஷம் செப்டம்பர் 14-இல் அண்ணன் போனார். வருஷத் திதியும் கொடுத்தாயிற்று. வரிக்கணக்குதான் பாக்கி. உயிலில் என்னை எக்ஸிக்யூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றுகிறவனாகப் போட்டுவிட்டார்.

ஜனவரி 1 முதல் இறந்த நாள்வரை அவர் பெயரில் ஒரு கணக்கு. அதற்கப்புறம் அவர் சொத்தில் வருகிற வருமானமெல்லாம் 'எஸ்டேட்' என்ற தனி ஆசாமிக்குச் சேர்த்தி. அது வருஷத்துக்கு 600 டாலரை எட்டினால் 1041 என்ற படிவம். (பெரும் பணக்காரர்களின் எஸ்டேட் வரி வேறு. 2023-இல் அது ஒரு கோடியே 29 லட்சம் டாலருக்கு மேல் வைத்துவிட்டுப் போனவர்களுக்கு. நமக்கேது!)

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆசாமியின் ஆண்டு எந்த மாதம் முடியும் என்பதை நாமே சொல்லலாம். மாதக் கடைசி நாளாக இருக்க வேண்டும், பன்னிரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. அண்ணனுக்கு ஆகஸ்ட் 31 வரை இழுக்கலாம். படித்ததும் உன் ஞாபகம்தான். நீ ஆடிட்டரிடம் கிளார்க்காக இருந்தபோது ஒரு கடைக்குத் தீபாவளியோடு கணக்கு முடியும், இன்னொன்றுக்குப் பங்குனியோடு என்பாயே. 1989-90 மதிப்பீட்டாண்டு முதல் அங்கே எல்லாரையும் மார்ச் 31-இல் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு வரி ஆபீசில் காகிதங்களைக் கொடுத்தேன். ஒரு கேள்வி கேட்காமல் டிசம்பர் 31 என்று போட்டு, 5,700 டாலர் கட்டு என்றார்கள். அண்ணனின் அரசு சேமிப்புப் பத்திரங்களை நவம்பரில் பணமாக மாற்றியதில், சேர்ந்திருந்த வட்டி மட்டும் 21,000. 2023 கணக்கில் தனி ஆளுக்கு 37 சதவீத வரி வர 5,78,125 டாலரைத் தாண்ட வேண்டும்; எஸ்டேட்டுக்கு 14,450 தாண்டினாலே போதும். அநியாயம்!

அதே ஆண்டுக்குள் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் அந்த வரி அவர்கள் தலைக்குப் போகும். ஆனால் இங்கே கடன்காரர்கள் கேட்டு வர ஒன்பது மாத அவகாசம் உண்டு. அது முடியாமல் வக்கீல் கைவைக்க விடவில்லை. அக்காவும் நானும் ஜூலையில்தான் பிரித்துக்கொண்டோம். டிசம்பரில் கோடு போட்டால் வட்டி ஒரு வருஷத்தில், பங்கும் வக்கீல் ஃபீசும் அடுத்த வருஷத்தில். ஆகஸ்டில் போட்டால் மூன்றும் ஒரே ஆண்டுக்குள். எஸ்டேட்டுக்கு வரியே இல்லை. நாங்கள் இருவரும் எங்கள் 2024 கணக்கில் காட்டி 22 சதவீதம் கட்டுவோம். வேறு ஆடிட்டர் சொல்லித்தான் இதெல்லாம் தெரிந்தது.

அப்புறம் ஒரு பயம். எஸ்டேட்டுக்கு வரி எண் வாங்கும்போது கணக்கு முடியும் மாதம் டிசம்பர் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். அது கணக்கில் இல்லையாம். முதல் ரிட்டர்னில் போடுவதுதான் நிற்கும் என்றார் ஆடிட்டர். அந்த டிசம்பர் ரிட்டர்னில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் மாற்றுவதற்கு அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்திருக்கும். பேனாவைத் திறந்துகூட வைத்தேன்!

இப்போது ரிட்டர்ன் தயார். கடைசி நாளான டிசம்பர் 15 ஞாயிறு, அதனால் 16 வரை நேரம் இருக்கிறது. பேங்க்காரன் ஜனவரி-டிசம்பர் கணக்குத்தான் தருவான். மாதச் சீட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, செப்டம்பர் 14 முடிகிற இடத்தில் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். கோட்டுக்கு மேல் கடைசி வரி, 13-ஆம் தேதி, காய்கறிக் கடை, 11 டாலர் 40 சென்ட். அவர் ஃப்ரிட்ஜைக் காலி செய்தபோது முருங்கைக்காய்க் கட்டு ஒன்று பிரிக்காமல் இருந்தது. அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா தை மாதம் ஊருக்கு வருகிறாள். அண்ணனின் பழைய சதுரங்கப் பலகையை உனக்குக் கொடுத்தனுப்புகிறேன். ஒரு யானை இல்லை. அதைத் தொலைத்தது நீதான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்புடன்,
ராமு