டுபாய்சி ட்ரோஃபியஸ் மீன்களுடன் வந்த தவறான பராமரிப்பு அட்டை குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

தங்களிடம் வாங்கிய 12 டுபாய்சி ட்ரோஃபியஸ் குஞ்சுகளில் 5 இறந்துவிட்டன. இன்னும் இரண்டு, தீவனத்தைக் கவ்வித் துப்புகின்றன. வயிறு உப்பி, கழிவு வெள்ளை நூலாகத் தொங்குகிறது. மீன்கள் வந்தபோது நன்றாகவே இருந்தன. என் புகார், கூடவே வந்த அட்டையையும் தீவனத்தையும் பற்றியது.

ட்ரோஃபியஸ், ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரியின் பாறைகளில் படியும் பாசியைச் சுரண்டித் தின்பவை. அதற்கேற்ப அவற்றின் குடல் மிக நீளம். தங்கள் அட்டையோ தினமும் ரத்தப்புழு போடச் சொல்கிறது. "எல்லா சிக்லிட்களுக்கும்" (ட்ரோஃபியஸ் சேர்ந்த மீன் குடும்பம்) என்ற தீவனப் பொட்டலத்தில் முதல் மூலப்பொருள் மீன்தூள், கடைசியில் ஸ்பைருலினா என்னும் பாசித்தூள். இரை பிடித்துத் தின்னும் ஆஸ்கர் மீனுக்கு அது பொருந்தலாம். ட்ரோஃபியஸுக்கு வயிறு வீங்க அதுவே போதும். இவற்றுக்கு ஸ்பைருலினா முதன்மையான தீவனத்தை, சில நிமிடங்களில் தீரும் அளவில், நாளுக்கு இரண்டு மூன்று வேளை தர வேண்டும்.

பி.எச். 6.5 முதல் 7 என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். அது மென்னீர் மீனான டிஸ்கஸின் அட்டையிலிருந்து வந்ததோ என்னவோ! இவற்றுக்கு பி.எச். 8-க்குக் குறையாத கடின நீர் வேண்டும்.

இதைவிட மோசம், பையைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் தொட்டி நீரைச் சொட்டவிடச் சொன்னது. மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயுவால் பி.எச். இறங்கியிருக்கும், அதனால் கழிவிலிருந்து வரும் அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாகவே கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறிச் செவுளைப் புண்ணாக்கும். காரநீரைச் சொட்டவிட்டால் இன்னும் வேகமாக. மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்தவுடன் வலையால் மீனை மட்டும் எடுத்துவிட வேண்டும். அப்படி நேரடியாக விட, என் தொட்டி நீர் தங்கள் நீரோடு ஒத்திருக்க வேண்டும். அதற்குத் தங்கள் தொட்டி நீரின் பி.எச்., கடினத்தன்மை இரண்டையும் முன்பே தெரிவித்திருக்க வேண்டும்.

"ஒரு ஜோடி போதும்" என்பதும் தவறு. ஜோடியாக வளர்த்தால் ஆண் பெண்ணை அடித்தே கொன்றுவிடும். 12-க்குக் குறையாத கூட்டத்தில்தான் அடி பகிர்ந்து போகும்.

பையில் "மஸ்வா" என்று, ஏரியில் ஓரிடத்து டுபாய்சி வகையின் பெயர் எழுதியிருக்கிறது. குஞ்சுப் பருவத்தில் எல்லா டுபாய்சியும் கறுப்பில் வெள்ளைப் புள்ளிதான். எந்த இடத்து வகை என்று காட்டும் உடல் பட்டை தெரிய வளர வேண்டும். ஆகவே அந்தப் பெயருக்கான இறக்குமதி அல்லது இனப்பெருக்கப் பதிவைக் காட்டுங்கள். வேறிடத்து மீன்களை அதே தொட்டியில் கலந்துவிட்டால் கலப்பினம் பிறந்துவிடும்.

இறந்த 5 மீன்களுக்கும் தீவனத்துக்கும் பணத்தைத் திருப்பித் தரவும். மாற்று மீன் இப்போது அனுப்ப வேண்டாம். நோயுற்றவை தேறும்வரை புதியவற்றைச் சேர்க்க முடியாது. திருத்திய அட்டை அச்சாகும்வரை இந்த அட்டையுடன் ட்ரோஃபியஸ் விற்பதை நிறுத்தவும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, அட்டை, தீவனப் பொட்டலம், இறந்த மீன்களின் படங்கள்